பர்மா நெல்லா, இந்திய நெல்லா: எதில் மீத்தேன் அதிகம் என்று கணக்குப் போடுவது எப்படி?

லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் இருந்தால் போதும். எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) புள்ளிவிவரத் தளத்தின் வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தால் யாங்கூன் கரண்ட் நம்மைப் பாதியில் விட்டுவிடும். விரிதாளில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்வதே மேல்.

மியான்மர், இந்தியா இரண்டுக்கும் நெல் அறுவடைப் பரப்பு, நெல் உற்பத்தி ஆகிய இரண்டையும் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துச் சராசரி போடுங்கள். நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைப் புரட்டிப்போட்ட 2008 வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறியையும் பாருங்கள்: ஏ (A) என்றால் அரசு தந்தது, ஈ (E) என்றால் மதிப்பீடு, ஐ (I) என்றால் விடுபட்டதை இட்டு நிரப்பியது.

'தானியங்கள்' என்ற மொத்த வரியை எடுக்காதீர்கள். கோதுமை வயலில் தண்ணீர் தேங்காது, மீத்தேனும் வராது. அதைச் சேர்த்தால் இந்தியாவின் சராசரி தானாக இறங்கிவிடும். நெல்லை நெல்லோடு ஒப்பிடுங்கள். கோதுமைக்கும் மியான்மரின் ஷான் மாநில மக்காச்சோளத்துக்கும் தனித்தாள்.

இனி மீத்தேன். ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலைக் குழு தன் கணக்கீட்டு வழிகாட்டிக்கு 2019இல் தந்த திருத்தப்படி, சுருக்கமாக:

பரப்பு × நாள் × ஒரு நாள் மீத்தேன் × தண்ணீர்க் காரணி

தென்கிழக்கு ஆசியாவுக்கு நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 1.22 கிலோ, 102 நாள். தெற்காசியாவுக்கு 0.85 கிலோ, 112 நாள். தண்ணீர்க் காரணி: எப்போதும் தண்ணீர் நின்றால் 1, ஒருமுறை வடித்தால் 0.71, பலமுறை வடித்தால் 0.55, வழக்கமான மானாவாரி 0.54, வறட்சிக்கு ஆளாகும் மானாவாரி 0.16.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தண்ணீர்க் காரணி 1 என்றே வைத்துப் பெருக்கினால் பர்மாவுக்கு ஹெக்டேருக்கு 124 கிலோ மீத்தேன், இந்தியாவுக்கு 95. உடனே 'பர்மா 30 சதவீதம் மோசம்' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டு வயலையும் யாரும் அளக்கவில்லை. அந்த வித்தியாசம் முழுக்க அட்டவணையில் இருந்து வந்தது. அதனால் ஒரு நாள் மீத்தேன், நாள் ஆகிய இரண்டுக்கும் இரண்டு நாட்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு ஒருமுறையும், அந்தந்த வட்டார எண்ணைப் போட்டு ஒருமுறையும் கணக்கிடுங்கள். முதல் கணக்கிலும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் விளைச்சலுக்கும் பாசனத்துக்கும் உரியது.

பர்மாவின் மழைக்கால நெல்லையும் கோடை நெல்லையும் ஒரே வரியில் போடாதீர்கள். மழைக்கால நெல்லில் பெரும்பகுதி மானாவாரி: 124 × 0.54 = 67 கிலோ. கோடை நெல்லுக்குப் பாசனம் வேண்டும். அறுவடைப் பரப்பில் இருபோக நிலம் இரண்டுமுறை எண்ணப்பட்டிருக்கும், மறுபடி இரண்டால் பெருக்க வேண்டாம்.

மீத்தேனை 28ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு நிகர் மதிப்பு கிடைக்கும். 25 என்று போட்டிருக்கும் பழைய அறிக்கை எண்ணை இதோடு கலக்கக் கூடாது.

அடுத்தது யூரியா. அதன் நைட்ரஜனில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்ப வாயுவாக வெளியேறும். 50 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 23 கிலோ. ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் இட்டால், தண்ணீர் நிற்கும் வயலில் 100 × 0.003 × 44/28 × 265 = 125 கிலோ கார்பன் டை ஆக்சைடு நிகர் (0.003 வெளியேறும் பங்கு, 44/28 நைட்ரஜனை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்ற, 265 மீத்தேனுக்கு 28 போல). தண்ணீரை வடித்தால் 0.003 என்பது 0.005 ஆகி, 208 கிலோவாக ஏறும். 'வடித்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமே' என்று தயங்குபவர்களுக்கு: கூடுவது 83 கிலோ, ஒருமுறை வடிப்பதால் பர்மா வயலில் குறையும் மீத்தேன் சுமார் 1,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உர விற்பனை எண் நாடு முழுமைக்கும் எல்லாப் பயிருக்கும் சேர்ந்தது. நெல்லின் பங்கு என்று எதை வைத்தாலும் அது அனுமானம், தாளில் அப்படியே குறித்து வையுங்கள்.

கடைசியில் மொத்த வெளியீட்டை உற்பத்தி டன்னால் வகுங்கள். எஃப்.ஏ.ஓ. தருவது நெல், அரிசி அல்ல. அரிசிக் கணக்கு வேண்டுமென்றால் உற்பத்தியை 0.667ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: பர்மாவின் கூடைக் கணக்கில் விளைச்சல் வைத்திருப்பவர்களுக்கு. நெல் கூடை 46 பவுண்டு, அதாவது 20.9 கிலோ. ஏக்கருக்கு 70 கூடை என்றால் 70 × 20.9 × 2.47, ஹெக்டேருக்குச் சுமார் 3.6 டன். அரிசிக் கூடை 75 பவுண்டு; அந்த எண்ணை இங்கே போட்டால் விளைச்சல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிடும்.