கடை ரவுட்டர்ல பேக்கப் டிஎஸ்எல் லைன் போடுறது எப்படி

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும், சனிக்கிழமை சாயந்திரம், கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்ஃபீல்ட்ஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு துணிக்கடைல ஃபைபர் லைன் போச்சு. கார்டு மெஷின் நின்னுபோச்சு, டியூட்நவ்ல (ஃபோன் வழியா காசு அனுப்புற மலேசிய சேவை) காசு ஏறுச்சா இல்லையான்னு கேஷியருக்குத் தெரியல, வரிசை வாசல் வரைக்கும் வந்துருச்சு. இதுல எனக்கு மனசு தாங்காத விஷயம் என்னன்னா பேக்கப் டிஎஸ்எல் லைன், அதாவது டெலிபோன் காப்பர் கம்பில வர்ற இன்டர்நெட், அங்க ஏற்கனவே இருந்துச்சு, ரவுட்டர்ல செருகியும் இருந்துச்சு, மாசா மாசம் காசும் கட்டிட்டு இருந்தாங்க. ஆனா ரவுட்டர் அந்த லைனுக்கு மாறவே இல்ல. அதனால லைன் செருகுறத விட, அது மாறுறதுக்கு என்ன செய்யணும்னுதான் இங்க நிறைய சொல்லப்போறேன்.

முதல்ல உங்க அட்ரஸ்ல காப்பர் லைன் இன்னும் கிடைக்குதான்னு கேட்டுக்குங்க, நிறைய இடம் முழுசா ஃபைபருக்கு மாறிருச்சு. பழைய கட்டடங்கள்ல அடிவரைக்கும் ஃபைபர் வந்து மாடிக்கு காப்பர்ல விடிஎஸ்எல்லா (வேகமான டிஎஸ்எல்) ஏறும், அப்படி இருந்தா உங்க மெயின் லைனும் பேக்கப்பும் ஒரே ரூம் வழியா வரலாம், அந்த ரூம்ல கரண்டு போனா ரெண்டும் சேர்ந்தே போகும், பேக்கப்னு சொல்றதுக்கே அர்த்தம் இல்ல. காப்பரே கிடைக்கலன்னா 4ஜி மோடம் வச்சுக்கலாம், கீழ சொல்ற ரவுட்டர் செட்டிங்ல பெரும்பாலானது அதுக்கும் பொருந்தும்.

டிஎஸ்எல் மோடத்த பிரிட்ஜ் மோட்ல (சிக்னல மட்டும் ரவுட்டருக்குக் கடத்தி விடுற மோட்) போடுங்க, பிபிபிஓஈ (லைன் கம்பெனிகிட்ட லாகின் பண்ற முறை) யூசர்நேம் பாஸ்வேர்ட் ரவுட்டர்லயே இருக்கட்டும், அப்பதான் ரெண்டு தடவ நாட் (கடைக்குள்ள இருக்கற ஐபி அட்ரஸ வெளி அட்ரஸா மாத்துறது) ஆகாது. ஏடிஎஸ்எல்னா (பழைய, மெதுவான டிஎஸ்எல்) விபிஐ விசிஐன்னு ரெண்டு லைன் நம்பர் கேக்கும், டிஎம் கம்பெனியோட பழைய ஸ்ட்ரீமிக்ஸ் காலத்துல இங்க அது 0, 35. ஃபைபர் பக்கம் டிஎம்மோட யூனிஃபைன்னா இன்டர்நெட்டுக்கு விலான் (ஒரே லைன்ல டிராஃபிக்க பிரிக்கற நம்பர்) 500. பிபிபிஓஈ ஒவ்வொரு பாக்கெட்லயும் 8 பைட் எடுத்துக்கும், அதனால எம்டியூ (பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 1492, எம்எஸ்எஸ் (அதுல டேட்டாவுக்கு மட்டும்) 1452ன்னு வைங்க, இத விட்டுட்டா சில வெப்சைட் திறக்கும் சிலது பாதில தொங்கும், காரணம் புரியாம நாள் பூரா அலைவீங்க. மோடத்தோட ஐபி பல தடவ 192.168.1.1ஆ இருக்கும், கடை நெட்வொர்க்கும் அதே ரேஞ்சுன்னா ஒண்ண மாத்திருங்க.

இன்னொண்ணு, இடி மின்னல். கேஎல்ல சாயந்திர மழை எப்படின்னு சொல்லவே வேணாம், காப்பர் லைன் வழியா சர்ஜ் (திடீர்னு எகிறுற மின்சாரம்) உள்ள வந்து மோடத்தையும் அதோட ரவுட்டர் போர்ட்டையும் எரிச்சுடும், ஃபைபர்ல அந்த வழி இல்ல. டெலிபோன் லைனுக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் வாங்கி எர்த்தோட மாட்டுங்க, அந்த சின்ன செலவுக்கு யோசிக்காதீங்க லா.

இப்ப ரவுட்டர் தானா மாறுற விஷயம். ரெண்டு டிஃபால்ட் ரூட் (வெளிய போற பொதுவான வழி) போடணும், ஃபைபருக்கு டிஸ்டன்ஸ் 1, டிஎஸ்எல்லுக்கு 10, நம்பர் சின்னதா இருக்கறது முதல்ல ஓடும். மைக்ரோடிக், சிஸ்கோ ரவுட்டர்ல இப்படித்தான், டிரேடெக் ரவுட்டர்ல வான் 2வ (ரெண்டாவது வெளி லைன்) ஃபெயில்ஓவர்னு (ஒண்ணு போனா இன்னொண்ணு) வச்சா போதும். நாட் ரூல் ரெண்டு வானுக்கும் வேணும், ஒண்ணுக்கு மட்டும் போட்டுட்டு முழிக்கிறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

அந்தத் துணிக்கடைல நடந்தது என்னன்னா, அவங்க ரவுட்டருக்கு முன்னாடி ஃபைபர் கம்பெனி குடுத்த இன்னொரு பாக்ஸ் இருந்துச்சு. வெளிய லைன் அறுந்தாலும் அந்த பாக்ஸ் கரண்டுல உயிரோடதான் இருக்கும், கேபிள் லைட்டு எரியும், கேட்வேயா (ரவுட்டர் வெளிய போற முதல் வாசல்) பிங்குக்கு (உயிரோட இருக்கியான்னு கேக்குற சின்ன மெசேஜ்) பதில் சொல்லும். அதனால கேட்வேய பிங் பண்ணி பாக்குறது பத்தாது, வெளிய இருக்கற அட்ரஸ பிங் பண்ணணும். உதாரணத்துக்கு 8.8.8.8க்கு ஃபைபர் வழியா மட்டும் போற மாதிரி தனி ரூட் போட்டு அத பிங் பண்ண வைங்க, சிஸ்கோல ஐபி எஸ்எல்ஏவும் டிராக்கும் இதுக்குத்தான் இருக்கு. ஆனா அப்படி கட்டிப்போட்ட அட்ரஸ கடைக்கு டிஎன்எஸ்ஸா (வெப்சைட் பேர ஐபி அட்ரஸா மாத்தித் தர்ற சர்வர்) குடுக்காதீங்க, ஃபைபர் போனா அந்த அட்ரஸும் சேர்ந்து போயிடும், லைன் மாறியும் எதுவும் திறக்காது, டிஎன்எஸ்க்கு 9.9.9.9 மாதிரி வேற வைங்க. 5 செகண்டுக்கு ஒரு பிங், 4 தடவ தவறுனா மாறட்டும், திரும்பி வரும்போது மட்டும் ஃபைபர் ரெண்டு நிமிஷம் நிலையா இருக்கான்னு பாத்துட்டு வரணும், இல்லன்னா லைன் விட்டு விட்டு வரும்போது ரவுட்டரும் இங்கயும் அங்கயும் தாவிட்டே இருக்கும்.

ஏடிஎஸ்எல்ல அப்லோட் ஒரு எம்பிபிஎஸ் அளவுதான், சிசிடிவி கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சா கார்டு மெஷினுக்கு மிச்சமே இருக்காது. டிஎஸ்எல் ஓடும்போது சிசிடிவி அப்லோட், விண்டோஸ் அப்டேட், கஸ்டமர் வைஃபை மூணையும் ஃபயர்வால்ல நிறுத்திடுங்க.

கடைசியா டெஸ்ட். ரவுட்டர்ல இருந்து கேபிள பிடுங்கி பாக்குறது டெஸ்ட் இல்ல, அப்படி பிடுங்குனா எந்த ரவுட்டரும் மாறும். கடை சாத்துனதுக்கு அப்புறம் சுவத்துல இருக்கற ஃபைபர் மோடத்த மட்டும் ஆஃப் பண்ணுங்க, நடுவுல இருக்கற பாக்ஸ் ஓடட்டும். கையில ஃபோன வச்சு நேரம் பாருங்க, அரை நிமிஷத்துக்குள்ள வரணும், அதோட நிக்காம டியூட்நவ்ல ஒரு வெள்ளி அனுப்பி கேஷியர் ஸ்கிரீன்ல ஏறுதான்னு பாருங்க, கார்டு மெஷின்லயும் ஒரு தடவ இழுத்து பாருங்க. அப்புறம் மோடத்த ஆன் பண்ணி, ஃபைபருக்கு தானா திரும்புதான்னு பாத்துட்டு கதவ பூட்டுங்க.