'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. உடனே பலரும் செய்வது, திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது. பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சார்ஜும் அதிலேயே தீர்ந்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை திருப்புங்கள். என்ன சத்தம் வருகிறது, லைட் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

சத்தம் படபடவென்று வேகமாக வந்தால், ஸ்டார்ட்டரில் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) உள்ள சொலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச், வேலை செய்கிறது என்று அர்த்தம். அது இழுத்துப் பிடித்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்த நொடியே வோல்டேஜ் சரிகிறது, பிடி விட்டுப்போகிறது. வோல்டேஜ் மீண்டதும் மறுபடி இழுக்கிறது. ஆக, பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இருக்கும் சார்ஜ் வந்து சேரும் வழியில் எங்கோ அடைப்பு. மாறாக, ஓங்கி ஒரே ஒரு 'டக்' வந்து, ஹெட்லைட் மங்காமல் நின்றால், மோட்டாருக்குள் கரண்டே போகவில்லை. சொலினாய்டின் கான்டாக்ட், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் அல்லது ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைச் சந்தேகப்படலாம். ஒரே 'டக்'கோடு லைட்டும் நன்றாக மங்கினால், கரண்டை இழுக்கிறது ஆனால் சுற்ற முடியவில்லை என்று பொருள். பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் இப்படி என்றால், ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம்.

"டேஷ்போர்டு லைட் எல்லாம் எரிகிறதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 அல்லது 10 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்கோ 100 முதல் 200 ஆம்பியர், சில வண்டிகளில் அதற்கு மேலும் தேவை. லைட்டை எரியவைக்கப் போதுமான பேட்டரி, எஞ்சினைச் சுற்றப் போதாமல் போவது சாதாரணம்.

மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே போனால் பேட்டரி டவுன். ஆனால் சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது படுத்துவிடும் பேட்டரிகளும் உண்டு. அதனால் இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். சுமார் 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். 11க்கு மேலேயே நின்றும் 'டக்' மட்டும் வந்தால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

டெர்மினலை, அதாவது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையைப் பார்க்காமலேயே புது பேட்டரி வாங்குவதுதான் என்னைப் பொறுத்தவரை வருத்தமான தவறு. காசும் போகும், புது பேட்டரியிலும் அதே 'டக்' வரும். பேட்டரியின் ஈயக் கம்பத்தைக் கவ்வியிருக்கும் கேபிள் முனையான கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக்கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கண்ணுக்கே தெரியும். தெரியாதது, ஈயக் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே படிந்திருக்கும் மங்கலான சாம்பல் படலம். இதையும் மீட்டரே காட்டிக்கொடுக்கும்: ஒரு முனையைக் கம்பத்தின் தலையிலும் மறு முனையைக் கிளாம்ப்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பிரஷால் தேய்த்தால் போதும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அதை யாரும் கவனிப்பதில்லை.

ஜம்பர் கேபிள் போடும்போது அவசரம் கூடாது. சிவப்பு முதலில் டவுன் ஆன பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை டவுன் ஆன வண்டியின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி முனையில்தான் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம், அதனால்தான் இந்த வரிசை. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் ஆல்டர்னேட்டரும் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) வண்டியின் கம்ப்யூட்டரும் போய்விடலாம். மாட்டியதும் உதவிக்கு வந்த வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் எலக்ட்ரானிக் பாகங்களைக் காலி செய்துவிடும். மீட்டர் வைத்தாலே தெரியும், பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும்.

ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினால் பிரஷ் தேய்ந்த மோட்டார் சில சமயம் ஓடிவிடும். ஆனால் இப்போதைய பல ஸ்டார்ட்டர்களில் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, ஓங்கி அடித்தால் அது உடையும். ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி பாயும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாவது முயற்சியே கூடாது. தேங்கிய தண்ணீரில் போய் வண்டி நின்று, பிறகு ஒரே 'டக்'கோடு இறுகினால், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கெடுதலைத்தான் செய்யும். வண்டியைக் கட்டி இழுத்துப் போய், மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசல் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள்.