வானொலி நேயர் குழுவுக்குப் புது ஆள் சேர்ப்பதும் அவர்களைக் கேட்க வைப்பதும்: தொடக்கநிலை வழிகாட்டி

சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி நேயர் மன்றம் என்றால் ஒரு காலத்தில் லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், கட்டுக்கட்டாகத் தபால் அட்டை. இன்றைக்கு அது ஒரு வாட்ஸ்அப் குழு. பெரும்பாலும் தூங்கிப்போன குழு. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றது. தமிழில் கேட்க இருந்தவற்றில் ஒரு பெரிய துண்டு அப்படிப் போனது. ரேடியோ பெட்டிகள் பரணுக்குப் போயின. குழுவில் மிஞ்சியவை காலை வணக்கப் படங்கள்.

உங்கள் ஊரிலோ நண்பர்கள் வட்டத்திலோ இப்படி ஒரு குழு இருந்து, அதற்கு உயிர் கொடுக்க நினைத்தால் இந்தச் செய்முறை உங்களுக்குத்தான். புதிதாகத் தொடங்குபவர்களும் இதையே பின்பற்றலாம். பெரிய செலவு கிடையாது. ஒரு ரேடியோ, ஒரு நோட்டு, ஒரு போன் போதும்.

படி 1: குழு எதற்கு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

குழு விவரத்தில் இப்படிப் போடுங்கள்: “மத்தியலை (மீடியம் வேவ்), சிற்றலை நிலையங்களைக் கேட்டு, கேட்டதைப் பதிவு செய்கிறோம்.” அவ்வளவுதான். “வானொலி உறவுகளின் சங்கமம்” என்று வைத்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரியாது. புரியாத இடத்தில் மனிதர்கள் பூப்படம்தான் அனுப்புவார்கள்.

காலை வணக்கம், பார்வர்டு, அரசியல், சினிமா துணுக்கு எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது மீறினால் குழுவில் எல்லோர் முன்னாலும் கண்டிக்காதீர்கள். தனியாக ஒரு செய்தி போடுங்கள்: “அண்ணே, அந்தப் படத்தை எடுத்துடுறீங்களா? புதுசா வந்த பசங்க குழம்பிடுவாங்க.” மூத்த நேயர்கள் பலரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள்.

படி 2: ஆள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்

முகநூலில் இணைப்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வருபவர்களில் பலர் பழைய பாட்டுக்காக வருபவர்கள். வரட்டும், தப்பில்லை. ஆனால் ரேடியோ கேட்பவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

ஊரில் இன்னும் ரேடியோ சர்வீஸ் கடை வைத்திருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். யார் வீட்டில் எந்தப் பெட்டி ஓடுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மின்னணுத் துறை மாணவர்கள் ஆன்டெனாவைப் பாடமாகப் படித்திருப்பார்கள், காதால் கேட்டிருக்க மாட்டார்கள். ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

இவர்கள் எல்லோரையும்விட நல்ல இடம் ஒன்று உண்டு: ஆகாசவாணியின் நேயர் கடித நிகழ்ச்சி. கடிதம் போட்டவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து வாசிப்பது நம் வானொலிகளின் பழைய வழக்கம். அப்படி அடிக்கடி காதில் விழும் பெயர் உங்கள் மாவட்டத்துக்காரர் என்றால் ஊருக்குள் விசாரித்தாலே ஆள் கிடைத்துவிடுவார். “உங்க பேரை ரேடியோல கேட்டிருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். ஆளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சேருங்கள்.

படி 3: முதல் வாரத்திலேயே புதியவர் கையில் ஒரு வேலை கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். குழுவில் சேர்ந்து ஒரு வாரம் வேடிக்கை மட்டும் பார்த்தவர் அப்புறம் வேடிக்கைதான் பார்ப்பார். முதல் வாரத்தில் தானாக ஒரு நிலையத்தைப் பிடித்துக் குழுவில் எழுதியவர் தங்கிவிடுகிறார்.

வேலை எளிதாக இருக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் ஆச்சரியமும் தர வேண்டும். அதற்கு நான் கொடுப்பது மத்தியலை. சிற்றலை அப்புறம். வரவேற்புச் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். உங்களுக்கு முதல் வேலை. மத்தியலையில் தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், இந்த இரண்டில் உங்கள் ஊரிலிருந்து தூரமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மத்தியானம் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை அதே எண்ணில் வைத்துக் கேளுங்கள். என்ன வித்தியாசம் என்று இங்கே எழுதுங்கள்.”

பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் ராத்திரி குரல் கேட்கும்போது, ஏன் என்று அவரே கேட்பார். பகலில் வானத்தின் மேலடுக்குகளில் கீழே உள்ள ஒரு படலம் மத்தியலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கலைந்துபோகிறது. அலை அதற்கும் மேலே போய் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. இதை முன்கூட்டியே பாடமாக நடத்தாதீர்கள். அவர் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் சில இடங்கள் உண்டு. இவற்றைக் குழுவில் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வைத்துவிட்டால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை.

எண் தெரியும் டிஜிட்டல் ரேடியோவில் மத்தியலை 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தாவும்படி இருந்தால் அது அமெரிக்க அமைப்பு. நமக்கு 9 வேண்டும். மாற்றாவிட்டால் 1050-க்கும் 1060-க்கும் நடுவில் 1053-ஐத் தேடித் தவிப்பார்கள்.

மத்தியலைக்கு அந்த நீட்டுக் கம்பி ஆன்டெனா பயன்படாது. பெட்டிக்குள்ளே கறுப்பாக ஒரு பெரைட் குச்சி படுத்திருக்கும், அதுதான் ஆன்டெனா. அதனால் கம்பியை இழுத்து நீட்டிப் பலனில்லை, பெட்டியையே மெதுவாகத் திருப்ப வேண்டும். கால் வட்டம் திருப்புவதற்குள் ஒரு நிலையம் அமுங்கி இன்னொன்று மேலே வரும். முதல் தடவை செய்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள், மறுபடி மறுபடி திருப்பிப் பார்ப்பார்கள்.

இரைச்சல் அதிகமாக இருக்கிறது என்றால் எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றையும் சந்தேகப்படுங்கள். பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் திருடன் அகப்படுவான். மொட்டை மாடிக்குப் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரேடியோவே இல்லை என்பவருக்கு? போனில் இருக்கும் எப்.எம். உதவாது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பிரவுசரிலேயே நாமாக அலைவரிசையைத் திருப்பிக் கேட்கலாம். கிவி எஸ்.டி.ஆர். என்ற பெயரில் உலகம் முழுக்க இன்னும் பல ரிசீவர்கள் உள்ளன. ருசி காட்ட இது போதும். ஆனால் இதிலேயே நின்றுவிட்டால் ஆர்வம் வடிந்துவிடும். தாத்தா வீட்டு மர்பியோ பிலிப்ஸோ ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுங்கள்

நம் நேயர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. “நிகழ்ச்சி மிக அருமை, தங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்” என்பது கைவந்த கலை. நிலையத்துக்கு அதனால் சந்தோஷம் உண்டு, பயன் இல்லை. தங்கள் ஒலி எங்கே, எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அவர்களின் பொறியாளருக்கு வேண்டும். சரியான ரிப்போர்ட் அனுப்பினால் பல நிலையங்கள் கியூ.எஸ்.எல். அட்டை அனுப்புகின்றன. கேட்டதை ஒப்புக்கொண்டு தரும் வண்ண அட்டை அது.

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், அலைவரிசை எண், கேட்ட ஊர், ரேடியோ, ஆன்டெனா. கூடவே இருபது நிமிடமாவது என்ன கேட்டீர்கள் என்ற விவரம். “பாட்டு போட்டார்கள்” என்றால் போதாது. “7.41-க்கு ஆண் அறிவிப்பாளர், 7.43-க்கு வீணை” என்று எழுத வேண்டும்.

நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.யில் எழுதுவது வழக்கம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழியுங்கள். இரவு 7.30 என்றால் 14.00. அதிகாலையில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்: 10-ஆம் தேதி காலை 4 மணி என்பது யு.டி.சி.யில் 9-ஆம் தேதி 22.30. புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இந்தத் தேதியில்தான்.

அப்புறம் சின்போ. ஐந்து இலக்கம், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. வரிசையாக: சிக்னல் பலம், பக்கத்து நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஒலியின் ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு. 5 என்றால் தொந்தரவே இல்லை. 43433 என்று எழுதினால் சிக்னல் நன்றாக இருந்தது, குறுக்கீடு நடுத்தரம், இரைச்சல் குறைவு, ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருந்தது, மொத்தத்தில் கேட்கும்படி இருந்தது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் 55555 போடுபவர்கள் இருப்பார்கள். மரியாதைக்குப் போடுகிறார்கள். மரியாதையைக் கடிதத்தின் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

புதியவரின் முதல் ரிப்போர்ட்டை அனுப்பும் முன் ஒரு மூத்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவில் அல்ல, தனியாக. பொதுவில் திருத்தினால் அடுத்த ரிப்போர்ட் வராது.

படி 5: வாரத்தில் ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே இடத்தில்

குழு ஓயாமல் கலகலவென்று இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் கலகலத்தால் போதும். ஞாயிறு இரவு 8 முதல் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரே ஒரு அலைவரிசை எண். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து அதைக் கேட்டு, ஊர்ப் பெயரும் சின்போவும் மட்டும் போட வேண்டும். “நாகர்கோவில் 44444”, “ஆவடி 22322” என்று வரிசையாக வரும்.

மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் எண்கள். ஆனால் பத்து ஊரிலிருந்து வந்ததும் கேள்வி தானாக முளைக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஒருவருக்குத் தெளிவாகவும் இன்னொருவருக்குக் கரகரவென்றும் வருவது ஏன்? பெட்டியா, ஆன்டெனாவா, தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரா? அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட இங்கே பேசுவார்கள். ஏனென்றால் அவர்கள் ஊரைப் பற்றிய தகவல் வேறு யாரிடமும் இல்லை.

எண்களை யாராவது ஒருவர் அட்டவணையாக்கி மறுநாள் போட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது. கல்லூரி மாணவர் யாருக்காவது கொடுங்கள்.

மாதம் ஒரு முறை சிற்றலைக்குப் போகலாம். சிற்றலையில் அலைவரிசைப் பகுதிகளை அலைநீளத்தை வைத்து மீட்டர் பட்டை என்பார்கள். ராத்திரி 49 மீட்டர், 41 மீட்டர் பட்டைகள். பகலில் 19 மீட்டர். இதைத் தவிர இடையிடையே இருபது விநாடி ஒலிப்பதிவு போட்டு “எந்த நிலையம்?” என்று கேட்பது நல்ல விளையாட்டு. ஆகாசவாணியின் அடையாள இசையில் தொடங்குங்கள். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை 1936-இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பிய இசைக்கலைஞர் என்பது பலருக்குத் தெரியாது.

படி 6: ஏக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

இலங்கை வானொலி, அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று பேச்சு எடுத்தால் மூத்தவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். அதில் நல்ல வரலாறும் உண்டு. ஆனால் எந்நேரமும் “அந்தக் காலம் மாதிரி வருமா” என்று ஓடினால், போன மாதம் முதல் ரேடியோ வாங்கிய இருபது வயதுப் பையனுக்கு அங்கே வேலை இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவான். வெள்ளிக்கிழமை மாலை பழைய நினைவுகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். பழைய கியூ.எஸ்.எல். அட்டைகளைப் படமெடுத்துப் போடச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த அலைவரிசை, எந்தப் பெட்டியில் கேட்டது என்ற மூன்றும் இருந்தால்தான் அட்டை ஏற்கப்படும் என்று ஒரு விதி வையுங்கள். கதை தானாக உருப்படியாகிவிடும்.

படி 7: பிப்ரவரி 13-ஐ விடாதீர்கள்

உலக வானொலி நாள். ஐ.நா. வானொலி 1946-இல் தொடங்கிய நாள் அது. ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை கேளுங்கள். கியூ.எஸ்.எல். அட்டைகளைப் பரப்பி, ஓடும் ரேடியோ இரண்டை வையுங்கள். பேச்சாளர், பொன்னாடை எல்லாம் வேண்டாம். வருகிற பிள்ளைகள் கையால் டயலைத் திருகட்டும். யார் அதிக நேரம் திருகிக்கொண்டு நிற்கிறார்களோ அவர்களின் பெற்றோரிடம் குழு விவரத்தைக் கொடுங்கள். வருகிற எல்லோரிடமும் எண் வாங்கிச் சேர்த்தால் எண்ணிக்கை ஏறும், குழு ஏறாது. வாட்ஸ்அப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. ஞாயிறு தோறும் இருபது பேர் சின்போ போட்டால் அது நல்ல குழு.

படி 8: பேசாதவர்களை நீக்காதீர்கள்

அவர்களில் பலர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், தட்டச்சு செய்யச் சங்கடப்படுவார்கள். குரல் பதிவாகச் சொல்லலாம் என்று சொல்லுங்கள். தபால் அட்டையில் எழுதி அனுப்பினால்கூட யாராவது படமெடுத்துப் போடலாம், ஐம்பது காசுதான். மாதம் ஒரு முறை ஒருவரைத் தனியாகக் கேளுங்கள்: “உங்க ஊர்ல 936 எப்படி வருது?” பொதுவாக “எல்லோரும் கலந்துகொள்ளுங்கள்” என்று போடும் அறிவிப்புக்கு யாரும் அசைய மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வரும்.

குழு ஓடத் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆனதும் இன்னும் இருவரை அட்மின் ஆக்குங்கள். ஒருவர் மூத்தவர், ஒருவர் புதியவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் உங்கள் ஊர்ப் பெயரையும் சின்போவையும் போட்டுவிட்டு ரேடியோவைக் கேளுங்கள்.