மிருதங்கம் பயின்றவர் ஒகாய் தெமிஸைக் கேட்கும் முறை

துருக்கிய ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஒகாய் தெமிஸின் இசையைக் கொழும்பில் மிருதங்கமோ தவிலோ பயின்ற ஒருவர் முதன்முறை கேட்கும்போது, தாளம் போட எடுத்த கை இரண்டு ஆவர்த்தனத்துக்குள், அதாவது இரண்டு தாளச் சுற்றுக்குள், நின்றுவிடக்கூடும். அது காதின் குறையன்று. அதில் வரும் துருக்கியத் தாளமொன்றின் ஒன்பது அட்சரங்களையும் (எண்ணும் அலகுகளையும்) ஒரே எடையில் விரல்விட்டு எண்ண முயல்வதே காரணம். ஆகையால், இசைத்தட்டைப் போடுமுன் அந்த ஒன்பதை வாயில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வகைத் தாளங்களைத் துருக்கியில் 'அக்சாக்' என்பார்கள். நொண்டுவது என்று பொருள். நொண்டிச் சிந்து பாடிய நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஒன்பதின் பரவலான அமைப்பு இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. ஒன்பது அட்சரமுள்ள சங்கீர்ண நடைக்கு நாம் சொல்லும் 'தகதிமி தகதகிட' என்ற சொற்கட்டையே 'தக, திமி, தக, தகிட' என்று பிரித்துச் சொன்னால் அதே கணக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்தில் மட்டும் தட்ட வேண்டும். அப்போது தட்டு நான்குதான். நான்காவது மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு நீளும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையின் கம்பியில் இதை மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். சிறுவயதிலிருந்து எட்டு அட்சர ஆதி தாளம் போட்டுப் பழகிய கை 'தகிட'வைத் 'தக'வாகச் சுருக்கி, ஒன்பதை எட்டாக்கிவிடப் பார்க்கும். அப்படி நேர்ந்தால் வேகத்தைக் கூட்டாமல், 'கிட'வைச் சற்று அழுத்திச் சொல்லிப் பழக வேண்டும்.

அடுத்து ஒலி. தர்புக்கா என்ற கைமுரசின் ஆழ்ந்த அடியைத் 'தும்' என்றும் கூர்மையான அடியைத் 'தெக்' என்றும் துருக்கியர் சொல்வார்கள். நமது 'தொம்', 'நம்' போன்ற பகுப்புத்தான். முதல், மூன்றாம் துண்டுகளின் தொடக்கத்தில் தொம்மும், இரண்டாம் துண்டின் தொடக்கத்தில் 'நம்' அடியும், கடைசித் துண்டின் மூன்று அட்சரங்களிலும் 'நம்' அடியும் வாசித்தால் பயிற்சிக்குப் போதும். டிரம்ஸ் வாசிப்பவர் தொம்மைக் காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்குக் கொடுத்துவிடலாம்.

இனிக் கேட்கும் வரிசை. தெமிஸ் 1939இல் இஸ்தான்புல்லில் பிறந்து, 1960களின் பிற்பகுதியில் சுவீடனுக்குச் சென்று, அங்கே அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் டொன் செரியுடன் இணைந்தவர். ஆயினும் அந்தக் காலத்திலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 1974இல் அவர் அமைத்த ஓரியண்டல் விண்ட் குழுவே நமக்கு ஏற்ற வாசல். துருக்கிய நாட்டார் மெட்டும் ஜாஸும் கலந்த அதன் இசையில் தாளத்தின் எலும்பு வெளியே தெரியும். அதன் பிறகு, 1969இல் அங்காராவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் டொன் செரியுடன் வாசித்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுக்குப் பின்னோக்கிச் செல்லலாம். அதிலும் நாட்டார் மெட்டுகள் உண்டு. எல்லா உருப்படியும் ஒன்பதில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. துருக்கியரின் ஏழு அட்சரத் தாளத்தில் மூன்று அட்சரத் துண்டு முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். முதலில் வந்தால், நமது ஏழு அட்சரத் தாளமான மிஸ்ர சாபுவின் 'தகிட தகதிமி' அப்படியே பொருந்தும்.

தென்னாபிரிக்க பேஸ் கலைஞர் ஜொனி டியானியும் செரியும் தெமிஸும் மூவராக 1970களின் தொடக்கத்தில் வாசித்தவற்றை இறுதிக்கு வைத்துக்கொள்வது நல்லது. அங்கே தாளம் நீண்ட நேரம் மறைந்திருக்கும். கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். தெமிஸ் செம்பில் தானே செய்வித்த முரசுகளையும் வாசித்தவர் என்பதால், டிரம்ஸ் செட்டில் நாம் எதிர்பாராத ஒலிகள் இடையிடையே வரும். அவற்றைத் துரத்தினால் கணக்குத் தவறும். கை நின்றுவிட்டால் தட்டை முதலிலிருந்து போட வேண்டாம். அடுத்த 'தகிட' காதில் விழும்வரை பொறுத்திருந்து, அது முடிந்து வரும் முதல் தட்டில் சேர்ந்துகொள்ளலாம்.