மிதக்கும் காற்றாலைத் திட்டம் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டுத் திட்டப்பணி தொடங்கும் பருவம் வந்தால் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பொறியியல் மாணவர்கள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். கடலில் மிதக்கும் தளங்களுக்கு நங்கூர அமைப்பு கணக்கிடுவது என் வேலை. எண்ணெய்த் தளங்களில் தொடங்கியது, இப்போது காற்றாலைகளுக்கும் வந்திருக்கிறது. அதனால் வருகிறவர்கள் கொண்டுவரும் தலைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: மலேசியக் கடலில் மிதக்கும் காற்றாலை.

அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நாங்கள் இந்தத் துறைக்குள் நுழைந்த புதிதில் செய்த அதே பிழைகள், அதே வரிசையில் திரும்பி வருகின்றன. மெகாவாட்டையும் மெகாவாட்-மணியையும் குழப்புவது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை விரிவுரையாளரே சுழித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் கடைசிப் பக்கம்வரை போய்ச் சேரும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

ஆழம் பார்க்காமல் மிதக்கவிடுவது

கடலடியில் தூண் ஊன்ற முடிந்தால் யாரும் மிதவைக்குப் போகமாட்டார்கள். ஏறத்தாழ 50, 60 மீட்டர் ஆழம்வரை ஊன்றி நிற்கும் காற்றாலையே மலிவு. பினாங்குத் தீவைச் சுற்றியுள்ள கடல் அதைவிட ஆழம் குறைந்தது. 2017-இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்து என்ற மிதக்கும் காற்றாலைப் பண்ணையின் படத்தை அறிக்கையின் அட்டையில் போடுகிறார்கள். அந்த மிதவை நீருக்குள் சுமார் 78 மீட்டர் இறங்கி நிற்கிறது. கோபுரத்தை அதன்மேல் பொருத்துவதற்கே நார்வேயின் ஆழமான, காற்று மறைவான கடற்கழி வேண்டியிருந்தது. நம் பக்கம் அதை நிமிர்த்தி நிறுத்தவே இடமில்லை.

விமான நிலையக் காற்றை மேலே ஏற்றுவது

இதுதான் இன்றுவரை என்னைக் கோபப்படுத்தும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வேகத்தில் வரும் சிறு பிழையும் அப்படியே பெருகும் என்பதுதான் யாருக்கும் உறைப்பதில்லை.

நடப்பது இதுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் வானிலைப் பதிவை எடுப்பார்கள். அது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று. காற்றாலையின் நடுப்பகுதி இருப்பதோ 120 மீட்டர் உயரத்தில். அங்கே வேகம் என்ன என்று கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு: உயர விகிதத்தை ஓர் அடுக்கெண்ணுக்கு உயர்த்தி, கீழே அளந்த வேகத்தோடு பெருக்க வேண்டும். எல்லாக் கோளாறும் அந்த அடுக்கெண்ணில்தான்.

கீழே வினாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்கள் நிறைந்த நிலத்துக்குரிய 0.25-ஐப் போட்டால் மேலே 5.6 மீட்டர் வரும். திறந்த கடலுக்குப் பொருந்தக்கூடிய 0.1-ஐப் போட்டால் 3.8 மீட்டர்தான். ஆற்றலில் இந்த இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம். பெரிய காற்றாலைகள் 3 முதல் 4 மீட்டர் வேகத்தில்தான் மின்சாரம் தரவே தொடங்கும். ஆக, ஒரே பதிவிலிருந்து ஒருவர் ஓடும் காற்றாலையையும் இன்னொருவர் பெரும்பாலும் நின்றுகிடக்கும் காற்றாலையையும் வரவழைக்கலாம். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது. அது மேலே உள்ள காற்றைக் கிளறிக் கலந்துவிடுவதால், உயரம் கூடக்கூட வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. 0.25-க்கு இங்கே என்ன வேலை?

எனக்குத் தெரிந்த ஒரு குழு இதைப் பெரிய அளவில் செய்தது. பெயர் வேண்டாம். விமான நிலையப் பதிவு, எங்கோ படித்த கட்டுரையிலிருந்து ஓர் அடுக்கெண், அழகான வரைபடங்கள். முதலீட்டாளர்கள் நம்பினார்கள். மிதவை வடிவமைப்புக்கும் கடலடி ஆய்வுக்கும் பணம் போன பிறகுதான் லைடார் மிதவை ஒன்றைக் கடலில் இறக்கினார்கள். லேசர் ஒளியால் 200 மீட்டர் உயரம்வரை காற்றை அளக்கும் கருவி அது. சில மாதப் பதிவு வந்ததும் திட்டம் நின்றுபோனது. முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் இறக்கினார்கள். அந்தக் குழுவில் இருந்த இளம் பொறியாளர்கள் இரண்டு பேர் இந்தத் துறையையே விட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

"அப்போ ஈரா5 தரவு எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்பார்கள். உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட்ட வானிலைத் தரவு அது. எடுக்கலாம், ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். பினாங்குத் தீவு முழுவதும், 800 மீட்டருக்கு மேல் எழும் அதன் மலையும், சுற்றியுள்ள கடலும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். மலையையும் கடலையும் கலந்து தரும் எண்ணை வைத்துக் கரையோரக் காற்றை முடிவு செய்யக்கூடாது.

இன்னொரு வாதமும் வரும். "அக்கா, சாயங்காலம் கர்னி டிரைவ்ல நின்னு பாருங்க, காத்து ஆளையே தள்ளுது!" பினாங்கின் கடலோரச் சாலையான அங்கே காற்று பலம்தான். அது கடற்காற்று. பகலில் நிலம் சூடாவதால் எழுந்து, இரவில் அடங்கிவிடும். கரையை ஒட்டித்தான் அதன் ஆட்டம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்கே கிளந்தான், திரங்கானு கரைகளில் பலமாக மோதும். தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் பினாங்கு இருக்கும் மேற்குக் கரைக்கு அந்த வலு கிடைப்பதில்லை.

காற்று குறைவு, அதனால் சுமையும் குறைவு என்று நினைப்பது

சராசரி குறைவு என்றால் உச்சமும் குறைவு என்று பொருளல்ல. மலாக்கா நீரிணையில், குறிப்பாகத் தென்மேற்குப் பருவத்தில், விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து சூறை வரிசை ஒன்று கிளம்பி வரும். வானிலைத் துறையில் அதற்கு சுமாத்ராஸ் என்றே பெயர். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆண்டு மின் உற்பத்தியில் அதன் பங்கு அற்பம். ஆனால் காற்று சில நிமிடங்களில் திசை மாறும்போது காற்றாலைத் தலை அவ்வளவு வேகமாகத் திரும்பாது. பக்கவாட்டில் வாங்கும் அந்த அடி நேராக நங்கூரச் சங்கிலிக்கு இறங்கும். மின்சாரத்தைக் குறைவாகத் தந்து இரும்பை நிறையக் கேட்கும் கடல் இது. "நம்ம கடல் அமைதிதானே" என்று சங்கிலியை இளைக்க வைத்த கணக்குகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காற்றின் அடர்த்தியைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பது

கன மீட்டருக்கு 1.225 கிலோ என்பது 15 டிகிரி வெப்பத்துக்கு. நம் கடலுக்கு 1.16 போடுங்கள்.

ஸ்காட்லாந்தின் 54 சதவீதத்தைக் கடன் வாங்குவது

முழுத்திறனில் ஓடினால் கிடைக்கும் மின்சாரத்தில் ஹைவிண்ட் ஸ்காட்லாந்து சராசரியாக எவ்வளவு தந்தது என்பதே அந்த எண். அது வட கடல் காற்றுடையது. மிதவையோடு சேர்ந்து வராது.

பழுதுபார்ப்பதை மறப்பது

நிலத்தில் ஒரு பெரிய பாகம் போனால் கிரேன் வரும். ஆழ்கடலில் கால் ஊன்றி நிற்கும் கிரேன் கப்பலுக்கு வழியில்லை. ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பண்ணையிலிருந்து காற்றாலையைக் கழற்றி, இழுவைப் படகுகளால் ராட்டர்டாம்வரை இழுத்துப் போய்ச் சரிசெய்தார்கள். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் ஐந்தும் 2024-இல் நார்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டன. இழுத்துப் போகும் காலம், அதுவரை உற்பத்தி நிற்கும் காலம், துறைமுக வாடகை, மின்கம்பியைக் கழற்றி மாட்டும் செலவு எல்லாம் உங்கள் அட்டவணையில் தனி வரிகளாக இருக்க வேண்டும். "பராமரிப்பு: 3 சதவீதம்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

மீனவர்களைக் கடைசியில் கேட்பது

முதல் மாதமே கேளுங்கள். சங்கிலிகள் பரவும் இடத்தில் இழுவலை போட முடியாது.

நம்மிடம் இருப்பதைப் பார்க்காமல் விடுவது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டு முகம் வாடும் பிள்ளைகளிடம் நான் சபாவைக் காட்டுகிறேன். கிக்கே எண்ணெய் வயலில் சுமார் 1,300 மீட்டர் ஆழத்தில் ஸ்பார் வகை மிதவை, அதாவது நிமிர்ந்து மிதக்கும் நீண்ட உருளை, 2007 முதல் இயங்குகிறது. குமுசுட்-காக்காப் தளம் அரைமூழ்கி வகை. மாலிக்காய் தளம் இறுக்கிய கம்பிகளால் கடலடியோடு கட்டப்பட்ட வகை. இந்தப் பின்னிரண்டும் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டப்பட்டவை. மிதக்கும் காற்றாலையின் முதன்மை வடிவங்களும் இதே மூன்றுதான். ஜப்பானிலும் தென் கொரியாவின் கிழக்குப் பக்கத்திலும் கரையை விட்டுச் சற்று விலகினாலே கடல் ஆழமாகிவிடுகிறது, அவர்களுக்கு மிதவை வேண்டும். அதைக் கட்டவும் கணக்கிடவும் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது.

அண்மையில் வந்த ஒரு குழுவிடம் தலைப்பை மாற்றச் சொன்னேன். பினாங்குக்கு எத்தனை மெகாவாட் என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள். மூன்று சங்கிலிகளில் ஒன்று அறுந்த நிலையில் சூறை வரிசை மோதினால் மீதி இரண்டும் தாங்குமா என்று இப்போது கணக்கிடுகிறார்கள். அதற்கு மணிக்கொரு முறை பதிந்த காற்று போதாது, நிமிடத்துக்கு நிமிடம் பதிந்தது வேண்டும். அதைத் தேடித்தான் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.