மலைக்குளிரில் சரிகையைக் காக்கும் முறை

உதகை, கொடைக்கானல் வீடுகளில் சரிகை கறுத்தால் பனியைத்தான் பழிப்பார்கள். ஆனால் பட்டிழையின்மேல் சுற்றித் தங்கமுலாம் பூசிய வெள்ளித் தகடே அசல் சரிகை என்பதால், ஒரே பீரோவில் கிடக்கும் கம்பளிச் சட்டையிலிருந்து கசியும் கந்தகச் சேர்மங்களே, ஈரக்காற்றின் துணையோடு, அந்த வெள்ளியைக் கறுக்கவைக்கக்கூடும்.

ஆகவே முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள். மழையற்ற நாளில் புடவையை நிழலில் காற்றாட விட்டு, கஞ்சியில்லாத பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ரப்பர் வளையம் வேண்டாம். அதிலும் கந்தகம் உண்டு. புளியோ பற்பசையோ தேய்த்தால் கறுப்போடு மெல்லிய முலாமும் போய்விடும்.

பழைய பங்களாப் பெட்டியில் கிடைத்த சீன, ஜப்பானியப் பூவேலைத் துணியென்றால் தண்ணீரே படக்கூடாது: அவற்றின் பொன்னிழை பெரும்பாலும் தங்கத்தகடு ஒட்டிய தாளைக் கீற்றாக நறுக்கிச் செய்தது.