நகர விமான நிலையத்தருகே ராணுவ ஹெலிகாப்டர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையை அடுத்த இருகூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்தி நேரத்தில் நின்றால், பீளமேடு விமான நிலையத்தில் இறங்கப்போகும் பயணிகள் விமானத்தின் விளக்கும், சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கமிருந்து வரும் ஹெலிகாப்டரின் சத்தமும் ஒரே வானத்தில் வந்து சேரும். இரண்டு தளங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் இதை நான்கு நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆகவே, 2025 ஜனவரி 29 அன்று இரவு வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தருகே, பயிற்சிப் பறத்தலில் இருந்த பிளாக் ஹாக் ராணுவ ஹெலிகாப்டரும் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த 67 பேரும் இறந்த செய்தியை எங்கோ நடந்தது என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இரவுப் பயிற்சி இல்லாமல் ராணுவ விமானி உருவாக முடியாது என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்தப் பயிற்சியை எப்படித் திட்டமிடக் கூடாது என்பதே என் கவலை.

முதல் தவறு, மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர், விமானியின் கண்ணையே பாதுகாப்பாகக் கொள்வது. “எதிரே வரும் விமானம் தெரிகிறதா?” என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கேட்பதும், “தெரிகிறது, நாங்களே விலகிக்கொள்கிறோம்” என்று ஹெலிகாப்டர் பதில் சொல்வதும் பல இடங்களில் இருந்துவந்த வழக்கம். வாஷிங்டனிலும் அதுதான் நடந்தது. ஆனால் மோதும் தடத்தில் வரும் பொருள் முன்கண்ணாடியில் நகர்வதில்லை. நீலாம்பூர் பைபாஸில் வண்டி ஓட்டுபவர்கள் இதை அறிவார்கள்: குறுக்குச் சாலையில் வரும் வண்டி நம் முன்கண்ணாடியில் பின்னால் நழுவினால் கவலையில்லை, ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் பிரேக்கை மிதிக்க வேண்டும். இரவில், நகரத்து விளக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் ஒரு புள்ளியை விமானத்தின் விளக்கென்று பிரித்தறிவது மிகவும் கடினம். இரவுநோக்குக் கண்ணாடி அணிந்தால் பார்வைப் புலம் ஏறத்தாழ 40 பாகையாகச் சுருங்கிவிடும், நிறமும் தெரியாது, பிரகாசமான விளக்குகள் சுற்றியுள்ளதை மறைத்துவிடும். “தெரிகிறது” என்று சொன்னவர் பார்த்தது வேறொரு விமானமாகவும் இருக்கலாம். கண் கைவிடுவது இரவில் மட்டும் அல்ல. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்டு, குன்னூர் அருகே 14 பேருடன் விழுந்த ஹெலிகாப்டர், பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்ததாகவே விசாரணை சொன்னது.

அடுத்தது, உயர வரம்பையே இடைவெளி என்று நம்புவது. வாஷிங்டனில் அந்த ஹெலிகாப்டர் சென்ற பாதைக்கு உயர வரம்பு 200 அடி. அதை ஹெலிகாப்டர் சரியாகக் கடைப்பிடித்திருந்தாலும், 33ஆம் ஓடுதளத்தில் இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே ஓரிடத்தில் மிஞ்சியது 75 அடி மட்டுமே என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஹெலிகாப்டர் பறந்ததோ 278 அடியில். உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் கணக்கிடுகிறது. அழுத்த அளவை ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) தவறாக வைத்தாலே சுமார் 28 அடி பிழை வரும். மூன்று ஹெக்டோபாஸ்கல் பிசகினால் அந்த 75 அடியும் கரைந்துபோகும். கோவையைப் போல நிலமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் இருக்கும் ஊரில், சொல்லப்படும் உயரம் கடல் மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா என்பதிலும் குழப்பம் வரக் கூடாது.

வானொலியில் சொன்னது எதிர்முனையில் கேட்டிருக்கும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. மோதலுக்குப் பதினேழு விநாடிகள் முன்பு, விமானத்தின் பின்புறமாகச் செல்லும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். அதே கணத்தில் ஹெலிகாப்டரில் ஒலிவாங்கியின் பொத்தான் 0.8 விநாடி அழுந்தியிருந்ததால், “பின்புறமாகச் செல்லவும்” என்ற பகுதி அங்கே எட்டாமல் போயிருக்கலாம். ஹெலிகாப்டரும் விமானமும் வெவ்வேறு அலைவரிசைகளில் பேசியதால், ஒன்று சொன்ன பதில் மற்றதற்குக் கேட்கவில்லை. முக்கியமான அறிவுறுத்தலை விமானி முழுமையாகத் திருப்பிச் சொல்லும் வரை அதைச் சொல்லப்பட்டதாகவே கருதக் கூடாது.

கருவி காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் தரைக்கு அருகில் பலிக்காது. பயணிகள் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி, ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே “மேலே ஏறு, கீழே இறங்கு” என்று கட்டளையிடாமல் எச்சரிக்கை மட்டுமே தரும்படி அமைக்கப்பட்டது. வாஷிங்டனில் அந்த எச்சரிக்கை மோதலுக்குச் சுமார் இருபது விநாடிகளுக்கு முன்பே ஒலித்தது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அதே விமான நிலையத்தருகே, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவான இடைவெளியில் ஹெலிகாப்டரும் விமானமும் கடந்துபோன நிகழ்வுகள் 85 பதிவாகியிருந்தன. மோதாமல் தப்பிய ஒவ்வொரு நிகழ்வையும் “ஒன்றும் ஆகவில்லை” என்று கோப்பில் மூடிவைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. அந்த ஹெலிகாப்டர் பாதையின் அப்பகுதி மூடப்பட்டது விபத்துக்குப் பிறகே. விமானம் இறங்கி முடியும் வரை பயிற்சி ஹெலிகாப்டரை ஊருக்கு வெளியே ஐந்து நிமிடம் வட்டமிட வைக்கும் ஏற்பாட்டை, அந்த 85இல் முதலாவது பதிவான வாரத்திலேயே செய்திருக்கலாம்.